நல்ல கிருமி விற்றவன் வாங்கிய மாத்திரை

இறால் பண்ணைகளுக்கு நல்ல கிருமி விற்பது என் தொழில். குளத்தில் விட்டால் கெட்ட கிருமி தலையெடுக்காது, இறாலின் வயிறும் சுகப்படும். வேகாத வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு அலையும் விற்பனைச் சகோதரர்களே, உங்கள் சரக்காவது கண்ணுக்குத் தெரியும். என் சரக்கு கண்ணுக்கே தெரியாது.

கேன்

கிருமிப் பொடியைக் கருப்பட்டிக் கரைசலில் ஊறவைத்து, பொங்கிய பிறகு குளத்தில் ஊற்ற வேண்டும். அப்படிப் பொங்கிய கேனோடு, குலசேகரன்பட்டினத்தில் இறால் வளர்க்கும் ஜெசிந்தா அக்காவைப் பார்க்க பஸ் ஏறினேன். வழியில் மூடி தெறித்து, திருச்செந்தூருக்கு மாலை போட்டு வந்த பச்சை வேட்டிக்காரர்கள் மேல் நுரை அடித்தது. புளித்த கருப்பட்டி என்ன வாசம் அடிக்கும் என்று சொல்லவா வேண்டும்? குனிந்த தலை நிமிராமல் துண்டால் துடைத்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"விரதக்காரங்க ஏறுத வண்டியில கள்ளைக் கொண்டு வாரீரே, நீரு விளங்குவீரா வேய்?"

டம்ளர்

போன முறை வெள்ளைக் கழிச்சல் நோயில் அக்காவின் குளமே போய்விட்டது. இந்த முறையும் இறால் தீனி எடுக்கவில்லை. இதுவும் போனால் குளத்தை மூடிவிட்டுச் சென்னைக்கு மகன் வீட்டோடு போய்விடுவேன் என்றார். பக்கத்துக் குளத்துக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக் பொட்டலம் கையில் தயாராக இருந்தது. அது கெட்டதோடு நல்ல கிருமியையும் கொன்றுவிடும், மருந்து தங்கிய இறாலை ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார் என்று மன்றாடினேன். கேனை மோந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு டம்ளர் ஊற்றி மடமடவென்று குடித்துக் காட்டினேன். அக்கா பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் குளத்தில் ஊற்றச் சொன்னார்.

"ஒன் வயித்த நம்பித்தான் தம்பி என் எறால விடுதேன்."

மெடிக்கல் கடை

மறுநாள் திருச்செந்தூர் லாட்ஜில் எனக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. குற்றம் டம்ளருடையதா, ராத்திரி தின்ற சால்னாவுடையதா, ஆண்டவனுக்கே வெளிச்சம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடி, டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாடிக் கேட்டேன். அதுவும் நல்ல ஸ்ட்ராங்காக. பக்கத்தில் பிரஷர் மாத்திரை வாங்க நின்றது ஜெசிந்தா அக்கா! பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். அக்கா என் கையிலிருந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எறால் வயித்துக்கு ஒரு ஞாயம், ஒன் வயித்துக்கு ஒரு ஞாயமா?"

தீனித் தட்டு

அதன்பிறகு அவருக்குப் போன் போடவே கூசியது. அலமாரியைத் திறந்திருப்பார், குளமும் போயிருக்கும், எல்லாம் என்னால் என்று சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் கழித்து, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய் நின்றேன். இறால் தின்கிறதா என்று பார்க்கத் தீனி வைத்துக் குளத்தில் இறக்கும் தட்டை அக்கா தூக்கிக் காட்டினார். துளி மிச்சமில்லை. அன்றைக்குக் கோபத்தில் பொட்டலத்தைப் பிரிக்கப் போனவர், இறால் தீனி எடுத்திருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். திட்டுவார் என்று நின்ற எனக்குக் காப்பி கொடுத்தார். வாங்கிக் குடிக்கவும் வெட்கமாக இருந்தது.

"எறாலுக்கு மெடிக்கல் கடைக்குப் போவ வழியில்லலா தம்பி, அதான் பொழச்சிட்டு."

இன்றும் நல்ல கிருமிதான் விற்கிறேன். மாத்திரையை மட்டும் இறால் குளம் இல்லாத ஊரில் வாங்கிக்கொள்கிறேன்.