எங்கள் ஊர் வள்ளமும் அவர் ஊர் வள்ளமும்

எங்கள் கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தொலைக்காட்சி ஓடும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் ரிமோட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு விவாதம், படகில் வந்து இறங்குகிறவர்களைப் பற்றி. அவர்களை அகதி என்பதா, சட்டவிரோதக் குடியேறி என்பதா, குடியுரிமை கொடுக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மட்டும் கத்தவில்லை. அமைதியாகச் சிரித்துக்கொண்டே, "வர வேண்டாம் என்று யார் சொன்னது? முறைப்படி வரட்டும் என்றுதான் சொல்கிறோம்" என்றார். கத்தினவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மனிதர் மேல்தான் வந்தது. குழம்பில் கை வைத்தபடியே, "அந்த மொறை எங்க இருக்குது, காட்டேன் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல. பக்கத்து மேசையில் சூப்பர்வைசர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் இலங்கையில், மன்னாரில் இருக்கிறார். நானும் மகளும் உத்தனப்பள்ளி பக்கத்தில், ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி, என் அப்பா வீட்டில் இருக்கிறோம். அவர் இங்கே வந்து சேர வேண்டும். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் இதில்தான் வந்து முட்டும்.

அவரை வேறு நாட்டுக்காரர் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். பிறந்தது இந்தியாவில். வளர்ந்தது ஓசூர் பக்கம் அணைக்கட்டை ஒட்டிய அகதி முகாமில். படித்தது இங்கே அரசுப் பள்ளியில். தெலுங்கில் திட்டுவார், கன்னடத்தில் பேரம் பேசுவார். அவருடைய அம்மா, சண்டை நடந்த காலத்தில் அவரை வயிற்றில் சுமந்துகொண்டு கடல் கடந்து வந்தவர். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரின் வயிற்றில் இருந்ததால் இவரும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் ஆகிவிட்டார். நான் புரிந்துகொண்ட சட்டம் அவ்வளவுதான்.

முதலில் அவரைப் பார்த்ததும் அந்தக் கேன்டீனில்தான். முகாம் ஆண்கள் நிறையப் பேருக்குப் பெயிண்ட் வேலை. அவரும் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்து எங்கள் கம்பெனிச் சுவருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். நான் தட்டோடு போய்ச் சுவரில் சாயப் பார்த்தேன். "சாயாதீங்கோ, இன்னும் காயேல்ல" என்றார். மலையாளியா என்று கேட்டேன். "இல்லை, தமிழ்தான். உங்களுக்குத்தான் விளங்கேல்ல" என்றார். திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அடிக்கடி அந்தப் பக்கம் போனேன். பெயிண்ட் காய அவ்வளவு நாள் ஆகாது என்று எனக்கும் தெரியும்.

ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். "அம்மா என்னை வயித்தில வச்சுக்கொண்டு வள்ளத்தில வந்தவ" என்றார்.

எங்கள் பக்கத்தில் வள்ளம் என்றால் ராகி அளக்கிற பாத்திரம். அப்பா கூலிக்குப் போன காலத்தில் நிலத்துக்காரர்கள் கூலியை வள்ளத்தால்தான் அளந்து போடுவார்களாம். அதற்குள் ஒரு கர்ப்பிணி உட்கார்ந்து கடலில் வருவதை நினைத்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"வள்ளத்துலயா? அதுக்குள்ள எப்பிடி உக்காந்தாங்க?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நெருக்கிக்கொண்டுதான் இருந்தவை. எல்லாருக்கும் இடம் காணேல்ல. அப்பா கரையில நிண்டுட்டார்" என்றார்.

அவருடைய அப்பா அடுத்த வள்ளத்தில் வருவதாகச் சொன்னாராம். வரவில்லை. என்ன ஆனார் என்றும் தெரியாது. வள்ளம் என்றால் அவர்களுக்குப் படகு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எங்கள் ஊர் வள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். கையால் அளவும் காட்டினேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நான் விழுந்தேன்.

அப்பா கல்யாணத்துக்கு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "நாளைக்கி கவுருமென்ட்டு அவங்கள ஏத்திக்கினு போய்ட்டா நீ இன்னா பண்ணுவ?" என்றார். "நம்ம காலனிக்கும் ஊருக்கும் நடுவுல ஒரு எல்ல இருக்குதே, அத தாண்ட உனக்கு எந்த பாஸ்போர்ட்டு இருக்குது?" என்று திருப்பிக் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரமே யாரிடமும் சொல்லாமல் முகாமுக்குப் போய் என் மாமியார் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். "டீயில பாலே ஊத்த மாட்டேங்கறாங்கம்மா" என்று குறை சொன்னார். அப்பா சம்மதம் சொல்கிற விதம் அதுதான்.

எங்கள் ஊரில் மாநில எல்லை என்பது பெரிய சமாசாரமே கிடையாது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. கடைப் பலகையில் எழுத்து மாறும், டீக்கடைக்காரர் கன்னடத்தில் விசாரிப்பார், அவ்வளவுதான். ஓசூரில் பாதிப் பேர் காலையில் கர்நாடகாவுக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். அவரும் பிரஷ்ஷும் உருளையுமாகப் போவார். ஆனால் முகாமில் செக்கிங் என்றால், ஆள் இருக்கிறாரா என்று தலையை எண்ண அதிகாரிகள் வருவார்கள். பாதிச் சுவரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. சானமாவுக் காட்டில் கர்நாடகா யானைகள் இறங்கியிருக்கின்றன, திருப்பி விரட்டப் போகிறார்கள் என்று பேப்பரில் வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "பார், என்ர ஆக்கள் வந்திருக்கினம். இதுகளிட்டயும் பாஸ்போர்ட் இல்லை" என்பார். அவர் கிண்டல் செய்யாத விஷயம் உலகத்தில் இல்லை. அவருக்கு வலிக்கிற இடமும் அந்தக் கிண்டலுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

சண்டை முடிந்த பிறகு மாமியார் மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார். சொந்தக்காரர்களிடம் வளர்ந்த மூத்த மகள் அங்கே இருந்தார், விட்டுவிட்டு வந்த காணியும் இருந்தது. சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒருநாள், அம்மாவுக்குக் கைகால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது என்று அக்காவிடமிருந்து போன் வந்தது. இவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். போகலாம், ஆனால் போனால் திரும்பி வருவது உறுதியில்லை என்று சொன்னார்கள். ஒளிக்கவில்லை, தெளிவாகவே சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, காய்ந்துபோன பிரஷ்ஷை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். போங்க என்று சொன்னது நான்தான். பெற்றவள் படுக்கையில் கிடந்து மகன் பெயரைக் குழறிக்கொண்டிருக்கும்போது வேறு என்ன சொல்வது? சொன்னதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. சென்னையில் விமானம் ஏறப் போனபோது, அப்பா ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறாரா என்று மகள் கேட்டாள். "ஓம் செல்லம், அடிச்சு முடிச்சதும் வந்திடுவன்" என்றார்.

அம்மாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டி, நல்லபடியாக அனுப்பி வைத்தார். காரியமெல்லாம் முடிந்ததும் இங்கே வர விசா கேட்டார். கொடுக்கவில்லை. மறுபடியும் கேட்டார், மறுபடியும் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. பிறந்த நாட்டுக்கு வர அனுமதி கேட்டுப் பிறக்காத நாட்டில் நிற்கிறார். நீ போய் அவனோடு இரேன் என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்கள் உண்டு. நானும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டேன். விசாரிக்க வந்தவர், கணவர் எந்த நாடு என்று கேட்டார். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். "ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை.

அவர் இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. களியை உருட்டிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும், அவர் மெல்லுவார். களியை மெல்லுகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இப்போது களி கிண்டினால் எனக்கு இறங்குவதில்லை. வீட்டில் ஒரு சுவருக்கு நீலம் அடித்துவிட்டு, அடுத்த சுவரை வெறும் வெள்ளைப் பூச்சோடு விட்டுவிட்டுப் போனார். ஆள் வைத்து அடித்துவிடலாம் என்றார் அப்பா. வேறு யாராவது பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்றேன். லைனில் சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால் என் வாயில் 'ஓம்' என்று வருகிறது. பக்கத்தில் நிற்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு சொல்லாவது கூட இருக்கிறதே என்று இருக்கிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தி ராமநாதபுரம் கடற்கரைக்காரி. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். நான் கடலைப் பார்த்ததே இல்லை. இலங்கையில் பஞ்சம் வந்தபோது படகில் வந்தவர்களை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். "கரை வரைக்கும் கொண்டாந்து விட மாட்டானுவக்கா. நடுக்கடல்ல மணல் திட்டு இருக்கும், அதுல எறக்கி விட்டுட்டு ஓடிருவானுவ. தண்ணி கெடையாது, நெழல் கெடையாது. யாராச்சும் பாத்தாத்தான் உசிரு" என்றாள். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கூப்பிட்டார். மகள் பேசுவதற்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். மகள் பேசி முடித்து ஓடியதும், அவர் குரலைத் தாழ்த்தி, "இங்க ஒரு வள்ளம் சரிவந்திருக்கு. வாற கிழமை" என்றார். கிழமை என்றால் அவருக்கு வாரம்.

அப்பா தலையைத் தூக்கினார். முகமெல்லாம் சந்தோஷம். "வள்ளமா? அங்கியும் ராகி வெளையுதா? மாப்ள வெள்ளாம போட்டுட்டாராட்டம் இருக்குதே! எத்தினி வள்ளம் வரும்னு கேளும்மா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் தக்காளித் தோட்டத்துப் பக்கம் போனேன். 

"யாரு வள்ளம்? யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரிஞ்ச ஆள்தான். பயப்பிடாத. என்னை வேற யார் கூட்டிக்கொண்டு வந்து விடப்போறாங்கள்? பிள்ளை என்னைப் பாத்து எவ்வளவு காலம். போன்ல என்ர முகத்தைவிட தன்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டு கதைக்கிறாள், கவனிச்சியா?"

கவனித்திருந்தேன். மணல் திட்டு, வெயில், கடலில் சுற்றுகிற காவல் கப்பல் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். பிடித்தால் ஜெயில், பிடிக்காவிட்டால் காலம் முழுக்க ஒளிந்துகொண்டு இருக்க வேண்டும் என்றேன். இன்னொரு தடவை விசாவுக்கு எழுதிப் போடலாம், யாரையாவது பார்க்கலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். அது சம்மதிக்கிற ஓம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நான் வர வேண்டாமெண்டு சொல்றியா?"

"ஐயோ, வாங்க. நீங்க வரணும்னுதான் சாமி சாமியா கும்புட்டுக்கினு கெடக்கறேன். கடல் வழியா மட்டும் வராதீங்க. எம் மேல ஆணையா வராதீங்க."

 

"அப்ப எந்த வழியால வாறது? நீ சொல்லு. அந்த வழியால வாறன்."

கோபமாகக் கேட்கவில்லை. மகளிடம் பேசுகிற அதே குரலில்தான் கேட்டார். நான் தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதேன். 

அந்தப் படகு சொன்னபடியே கிளம்பியது. அவர் ஏறவில்லை.

சில நாள் கழித்து ராமநாதபுரத்துப் பெண் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அந்த வாரம் மன்னாரிலிருந்து வந்தவர்களாம், பத்திரமாகக் கரை சேர்ந்துவிட்டார்களாம். ஒரு அம்மா ஈரச் சேலையோடு மணலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பிஸ்கட்டை ஒரு குழந்தை தின்றுகொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் முகாமுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. அவர் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் போனை வாங்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதரே இல்லை அவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கேட்டுவிட்டார்.