கழுவாத ஓடு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோய்விட்டது. அகழாய்வுக் கிடங்கில் எல்லோருக்கும் அவர் 'ஈரக்கை'. இருபத்திரண்டு வருடமாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் பானை ஓடுகளைத் தேய்த்துக் கழுவுகிறார். ஓடு பளபளக்கும், அவர் பல்லைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அவரிடம் கைகுலுக்கிய விருந்தாளி ஒருவர் சளிபிடித்து மூன்று நாள் படுத்துவிட்டார் என்பது சத்தியமான செய்தி.

அவரிடம் ஒரு பழக்கம். தட்டுக்கு ஒரே ஒரு ஓட்டைக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் பொதிந்து அந்தத் தட்டிலேயே வைத்துவிடுவார்.

"கடைசி ஓட்டுக்கு மட்டும் கை வலிச்சிடுமாண்ணே?" என்பார்கள் கூட வேலை செய்பவர்கள். அதற்கு 'சோம்பேறி ஓடு' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் எழுத்துக் கீறிய ஓடு ஒன்று வந்தது. குழியின் ஆறாம் மண் அடுக்கில் கிடைத்தது என்றது தட்டிலிருந்த சீட்டு. அந்த அடுக்கின் கரித்துண்டுக்கு ஆய்வுக்கூடம் சொன்ன வயது இரண்டாயிரத்து அறுநூறு. "அப்பவே இங்க எழுதியிருக்காங்க!" என்று பூரித்தார் இயக்குநர் அம்மா. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் மேசையைத் தட்டினார். தன் கைக்கடிகாரத்தையே நம்பாத மனிதர் அவர்.

"சீட்டு மாறியிருந்தா? மேல இருக்கிற மூணாம் அடுக்குன்னா நானூறு வருஷம் குறைஞ்சிடுமே!"

எல்லோரும் ஈரக்கையைப் பார்த்தார்கள். அந்த ஓட்டைக் கழுவிய அன்று மின்விசிறிக் காற்றில் இரண்டு தட்டுகளின் சீட்டுகள் பறந்தது உண்மை. ஞாபகத்தை நம்பி எடுத்துவைத்தவர் அவர்தான். சொன்னால் இருபத்திரண்டு வருடப் பேர் போகும். சொல்லாவிட்டால் தூக்கம் போகும்.

"சீட்டு பறந்துச்சு சார். சரியாத்தான் எடுத்து வச்சேன்னு நெனைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது."

சொன்னதும் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த யானை எழுந்து போனது. அது நேராகப் போய் இயக்குநர் அம்மாவின் மேல் உட்கார்ந்துகொண்டது. அவர் முகம் அப்படி வாடிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஈரக்கைக்குப் பொறி தட்டியது.

"அம்மா, சீட்டுதான் பறந்துச்சு. ஓடு பறக்கலையே! சோம்பேறி ஓடு தட்டுலயே இருக்கும்."

ஓடிப்போய் இரண்டு தட்டுகளையும் கொண்டுவந்தார். மூன்றாம் அடுக்கு செம்மண், ஆறாம் அடுக்கு சாம்பல் மண். எழுத்து ஓட்டின் தட்டிலிருந்த பொதியைப் பிரித்தார்கள்: அடுப்படிச் சாம்பல் நிறம். மற்றதில் செக்கச்செவேல். பேராசிரியர் லென்ஸால் பார்த்தார், சுரண்டினார், அடுக்குவாரியாக எடுத்துவைத்திருந்த மண் மாதிரிப் பைகளோடு ஒப்பிட்டார். நாக்கில் வைத்துப் பார்க்காததுதான் பாக்கி.

"ஆறுதான்," என்றார் கடைசியில். "ஆனா கரித்துண்டு வயசான மரத்தோடதா இருந்தா, ஓட்டைவிட அது மூத்ததா இருக்கலாம். அதை இன்னும் விவாதிக்கணும்."

"தாராளமா விவாதிங்க சார்," என்றார் ஈரக்கை. "மரம் நான் கழுவினது இல்ல."

அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் மகிழ்ச்சி தாங்காமல் பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்தார். மனைவி ஒரு தம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

"இது ஏங்க அழுக்கா இருக்கு?"

"சாட்சிக்கு."