ரவைக் கோதில் ஒரு விளக்கீடு

என் வாய் உறுதியானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா ஒரு இரகசியத்தை என்னிடம் தந்து, “அம்மாட்டை மூச்சும் விடாதை, குஞ்சு” என்றார். நான் விடவில்லை. ஆறு கிழமையாக விடவில்லை. காட்டிக்கொடுத்தது என் கைதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில் சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் அப்பா லேத் வேலைக்காரர். இரும்பைத் தொட்டாலே அதன் குணம் சொல்லுவார் என்று அம்மா பெருமையாகச் சொல்வதுண்டு. இங்கே வந்து ஆறு வருடமாக மாடிப்படி கழுவினார். அவருடைய விரல் நுனிகள் வெளுத்து, எந்நேரமும் பிளீச் மணத்தன. பிறகு பிரான்காச்சோவில் ஒரு சின்னப் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. தண்ணீர்க் குழாய்க்கு மூட்டுச் செய்கிற இடம் என்று அம்மாவிடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற கெட்டித்தனம் அப்பாவுக்குக் கிடையாது. ஆனால் சோற்றைக் கிளறிப் பார்க்கிற குணம் அம்மாவுக்கும் கிடையாது.

உண்மையில் அங்கே செய்தது துப்பாக்கி ரவைகள். முயல் வேட்டைக்குப் போகிறவர்களும் குறிப்பலகையில் சுட்டுப் பழகுகிறவர்களும் சுட்டு முடித்த வெறும் கோதுகளைப் பையில் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைத் திரும்ப நிரப்பிக் கொடுப்பதுதான் அந்தப் பட்டறையின் தொழில்.

அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாததன் காரணம் எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஆடி மாதத்தில் பலெர்மோத் திருவிழாவுக்கு வாணம் விடும்போது சிசிலிக்காரர் எல்லாம் பல்கனியில் நின்று கை தட்டுவார்கள். அம்மா யன்னலைச் சாத்தி, குசினிக் குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பார். அம்மாவுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன். சாமித் தட்டில் அம்மாவின் தம்பி, என் சின்னமாமாவின் படம் இருந்தது. அவர் ஊரில் காய்ச்சல் வந்து செத்தவர் என்றே எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தம். அம்மா வேலைக்குப் போகும் வீட்டின் எசமானி சின்யோராவுக்குப் பிள்ளைகள் வருவது பிடிக்காது. அப்பா வேறு வழியில்லாமல் என்னை பிரான்காச்சோவுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில்தான் அந்த “மூச்சும் விடாதை” வந்தது.

பட்டறையில் ஒரு மெசின் இருந்தது. கைப்பிடியை ஒருதரம் இழுத்தால் அடியில் உள்ள வட்டத் தட்டு ஒரு இடம் நகரும். தட்டில் நிற்கிற ஒவ்வொரு கோதுக்கும் ஒவ்வொரு வேலை நடக்கும்; ஒவ்வொரு இழுப்புக்கும் முடிந்தது ஒன்று பெட்டிக்குள் விழும். அருமையான மெசின்தான். ஆனால் ஒரேயொரு அளவுக் கோதுக்கு மட்டும் பழகிய மெசின். வேறு அளவுக்கு மாற்ற வேண்டிய சாமான் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், மாதக்கணக்காகும். பத்ரோனே, அதுதான் முதலாளி, தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, கூட்டித் துடைக்கிற என் அப்பா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, “நான் கடைஞ்சு தரட்டோ?” என்று தன் உடைந்த இத்தாலியனில் கேட்டிருக்கிறார். மெசின் ஓடினால் லேத் வேலைக்காரனாகவே எடுத்து கொன்த்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதித் தருவேன் என்றார் பத்ரோனே. கொன்த்ராத்தோ இருந்தால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கலாம். எங்கள் மூன்று பேருடைய இருப்பும் அந்தத் தட்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் போன அன்று அப்பா கடைந்த புதுத் தட்டு பூட்டியிருந்தது. வெறும் கோதுகளை வைத்து இழுத்துப் பார்த்தார். மூன்றாவது இடத்தில் கோது சரிந்து விழுந்தது. திரும்ப வைத்தார், திரும்ப விழுந்தது. அப்பா அதை முறைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தை இல்லை, தலையை.

“குஞ்சு, அந்தக் கிளிப்பை ஒருக்கால் தாரும்.”

என் தலைமயிர் கிளிப்பின் மெல்லிய தகட்டை வளைத்து, நறுக்கி, தட்டின் ஓரத்தில் பூட்டினார். கைப்பிடியை இழுத்தார். கோது ஆடியது, சாய்ந்தது, தகட்டில் முட்டி நிமிர்ந்து நின்றது. அப்பா சிரித்த சிரிப்பை என்ன சொல்ல! கழுவிய படியில் யாராவது மிதித்துவிடுவார்களோ என்று பார்த்துப் பார்த்தே சுருங்கிப்போன முகம் அது. அன்று அவர் எனக்குப் புது ஆளாகத் தெரிந்தார். அப்பா கை கழுவப் போன நேரத்தில் பத்ரோனே, வாய் வெடித்து உதவாது என்று ஒதுக்கிய பித்தளைக் கோதுகளில் ஒரு கைப்பிடி அள்ளி, இனிப்புத் தருவதுபோல என் கையில் வைத்தார். பென்சில் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். கிளிப் எங்கே என்று அம்மா கேட்டபோது பள்ளிக்கூடத்தில் தொலைந்தது என்றேன். கூசாமல் சொன்னேன், கள்ளி நான்.

கார்த்திகை விளக்கீடு வந்தது. இந்த ஊரில் மண் சிட்டி விளக்கு ஏது? முந்தின வருடம் சின்யோரா தந்த குட்டிக் கோப்பிக் கோப்பைகளில் அம்மா விளக்கேற்ற, இரண்டு வெடித்துவிட்டன. “இந்த முறை சாமிக்கு ஒண்டு போதும், பிள்ளை” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. விளக்கீடு என்றால் வரிசையாக எரியவேண்டாமா? பென்சில் பெட்டியைத் திறந்தேன். பித்தளை, நிமிர்ந்து நிற்கும், நெருப்புக்கு வெடிக்காது. பல்லரோச் சந்தையில் வாங்கி வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றித் திரி போட்டேன். சாமித் தட்டில், சின்னமாமாவின் படத்துக்கு முன்னால், ஏழு விளக்கு. நான் பிறந்தது இதற்காகத்தான் என்பதுபோல நின்று பார்த்தேன்.

பொழுதுபட்டு மைம்மல் நேரத்தில் அம்மா வந்தார். “அட, என்ர குஞ்சு! எங்கையடி எடுத்தனீ?” என்று முகமெல்லாம் பூரித்துக் குனிந்தார். ஒன்றைக் கையில் எடுத்தார். எண்ணெய் வழிய வழிய அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், துப்பாக்கியின் ஊசி குத்திய இடம். விளக்குச் சூடு அம்மாவின் விரலைச் சுட்டிருக்கும். ஆனாலும் கீழே போடவில்லை.

அந்த நேரம் பார்த்தா அப்பா வரவேண்டும்! கதவைத் திறக்கும்போதே, “இஞ்சருமப்பா, கொன்த்ராத்தோ தந்திட்டான்!” என்று கடதாசியை ஆட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் கையைக் கண்டதும் கடதாசி நின்றுவிட்டது.

“முயலுக்குத்தானப்பா... பலகைக்குச் சுடுறதுக்கு...” என்றார்.

அம்மா சத்தம் போடவில்லை. “பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறியள். எனக்கேன் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டார். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார்.

அப்பா கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த நாள் பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறாமல் பழைய மாடிப்படிகளுக்கே திரும்பிப் போனார். பெர்மெஸ்ஸோவை அம்மாவின் சின்யோரா எழுதித் தந்த கடிதத்தால் இழுத்துப் பிடித்தோம். அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை லேத்தைத் தொடவில்லை. அம்மாவுக்காக விட்டேன் என்று ஒருநாளும் சொல்லிக்காட்டவும் இல்லை.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா என்னிடம் கதைத்தார். சின்னமாமா கடைக்குப் போன வழியில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்ததையும், றோட்டில் கிடந்த கோதுகளைத் தான் எண்ணிக்கொண்டு நின்றதையும் அன்றைக்குத்தான் சொன்னார். “ஏனம்மா எனக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டேன். அம்மா சாமித் தட்டில் இருந்த படத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு, “நான் அந்த வேலையை விடச் சொல்லேல்லையடி” என்றார். “ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டுதான் கேட்டனான். அவர் சொல்லுவார், சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

அம்மா கேட்டதை அன்று அந்த அறையில் நின்று என் இரண்டு காதாலும் கேட்டவள் நான். அப்பாவிடம் போய், “அம்மா வேலையைப் பற்றிக் கேக்கேல்லை” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு அது விளங்கவில்லை. என் ஏழு விளக்கையும் ஏன் அணைத்தீர்கள் என்றுதான் அன்றைக்கு முழுக்க அழுதேன்.