நோ ஷட்

கிள்ளான்ல ஒரு சரக்குக் கம்பெனியில லோகனுக்கு நெட்வொர்க் வேலை. செமினியிலேர்ந்து மோட்டார் சைக்கிள்ல வருவான். அதிகம் வாய் திறக்கமாட்டான். கீழ்த்தளத்து ரூம்ல சுவிட்சுன்னு ஒரு பெட்டி. கட்டடத்துக் கம்ப்யூட்டர், கேமரா, கதவுப் பூட்டு எல்லாத்தோட வயரும் அதுலதான் வந்து சேரும். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில கட்டளை எழுதணும். 'ஷட்'னு அடிச்சா அந்த வயர்ல கரண்டு நிக்கும். 'நோ ஷட்'னு அடிச்சா திரும்ப வரும். அடிச்சதை சேவ் பண்ணாட்டி, பெட்டிக்குக் கரண்டு போய் வந்ததும் அது மறந்துடும்.

மாடி இரும்புக் கதவுக்குக் காந்தப் பூட்டு. கரண்டு இருந்தாத்தான் பிடிக்கும். அதனால 'ஷட்' அடிச்சா கதவு திறந்துக்கும், 'நோ ஷட்' அடிச்சா பூட்டிக்கும். சொல்லு ஒண்ணு, நடக்கிறது வேற.

மாடியில தாமரை வேலை பார்த்தா. அவ புருஷன் திருச்செல்வம், அதே கட்டடத்துல ஜாகாவா, அதான் காவல்காரனா, இருந்து விரட்டப்பட்டவன். பொண்டாட்டி தாடையை உடைச்சவன். மனுஷ ஜென்மமா அது? அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னு அவனுக்கு வெறி.

அன்னிக்கு ஏர்கான் சாமான் மாடிக்குப் போக வேண்டி, காலையிலேயே லோகன் கதவுக்கு 'ஷட்' அடிச்சு சேவ் பண்ணியிருந்தான். சாமான் போயாச்சு, கதவும் சாத்தியாச்சு. திரும்பப் பூட்ட மட்டும் மறந்துட்டான், பாவி. தள்ளினா திறந்துக்கும்.

மத்தியானம் திருச்செல்வம் பாராங் கத்தியோட வந்தான். தடுத்த ஜாகா அய்யாவுக்குத் தோள்ல ஒரு வெட்டு. நேரா லோகன் ரூமுக்குள்ள புகுந்து, தலைமுடியைப் பிடிச்சு மேசையில மோதினான். மூக்கு ரத்தம் கீபோர்டுல கொட்டுச்சு.

"மாடிக் கதவைத் திற. இன்னிக்கு அவளைக் கண்டதுண்டமா வெட்டறேன்."

திறந்துதான் இருக்குன்னு வாய் தவறினா அவ கதை முடிஞ்சுது. லோகன் மூக்கைத் துடைச்சுக்கிட்டுக் கீபோர்டை இழுத்தான்.

"ஏமாத்தப் பாக்காதே. நீ போன்ல பேசறதைக் கேட்டவன் நான். ஷட்னா மூடறது. 'நோ ஷட்' அடி, நான் பாக்கறேன்."

கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க! ஆனா பூட்டியிருக்குன்னு தெரிஞ்சா அவன் திரும்பி இங்கதான் வருவான். தெரிஞ்சேதான் லோகன் அடிச்சான். ஒரு எழுத்து தப்பல.

திருச்செல்வம் படியேறி ஓடினான். லோகன் தாமரைக்குப் போன் போட்டு, "கதவுகிட்ட வராதே, போலீஸைக் கூப்பிடு"ன்னான். அதுக்குள்ள இரும்பு மேல பாராங் விழுற சத்தம். அப்புறம் தடதடன்னு இறங்குற காலடி. லோகனால வாசல் வரைக்கும்தான் ஓட முடிஞ்சது.

"நீ சொன்னதைத்தானே அடிச்சேன் லா"ன்னு கையைத் தூக்கினான். அந்தக் கையிலதான் வெட்டு விழுந்துச்சு. ரெண்டு விரல் தரையில கிடந்துச்சு. அடுத்தது கழுத்துக்கு வர்றதுக்குள்ள லோரிக்காரங்க இரும்புக் கம்பியோட பாஞ்சாங்க. திருச்செல்வத்தோட முட்டி நொறுங்குற வரைக்கும் விடல. நல்லா வேணும் அவனுக்கு.

ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது தாமரை ஓடி வந்து துணி சுத்தியிருந்த அந்தக் கையைப் பிடிச்சா. "எனக்காகவா அண்ணே இப்படி"ன்னு அழுதா.

லோகன் கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தான்.

"நான் கடைசியா அடிச்சதை சேவ் பண்ணலம்மா. கரண்டு போய் வந்தா கதவு பழையபடி திறந்துக்கும். யாரையாவது உடனே சேவ் பண்ணச் சொல்லு."