ஏரியில் முதுகு காட்டி நின்றவள்

அம்மாவின் கனவில் ஒரு பெண் வருவாள். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஈரப் பின்னல் தெரியும், மஞ்சள் புடவை தெரியும், தோளில் விழுகிற வெயில் தெரியும். முகம் மட்டும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே வருகிற கனவு. காலையில் காபியை ஆற்றிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோல, நேற்றும் வந்திருந்தாள் என்பாள் அம்மா. யார் என்று நான் கேட்பதில்லை. அம்மாவைப் பெற்றுப் போட்டுவிட்டு அந்த வாரமே கண்ணை மூடியவள் அவள்.

போன ஆடி மாதத்தில் ஒரு காலை, அம்மா கனவைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. கரையில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாளாம். அவள் திரும்பவில்லையாம்.

"அம்மான்னு கூப்பிட்டா அவளுக்கு எப்படித் தெரியும்? அவளை யாரு அப்படிக் கூப்பிட்டிருக்கா? எனக்குப் பேச்சு வர்றதுக்குள்ள போயிட்டாளே. பேரு சொன்னாத்தான் திரும்புவா. பேரு தெரியலயேடி எனக்கு."

எழுபதைத் தாண்டிய என் அம்மாவுக்குத் தன்னைப் பெற்றவளின் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பிறப்பையும் இறப்பையும் எழுதி வைக்கிற வழக்கம் அம்மாவின் ஊரில் அப்போது யாருக்கும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்தில், பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். நீர்நிலைக்குப் போய் அவளைக் கூப்பிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு பூப்போட்டு, வீட்டுக்கு அழைத்து வந்து புதுப்புடவை வைத்துப் படைப்பார்கள். அந்தப் புடவையை அந்த வீட்டில் பிறந்த பெண் உடுத்திக்கொள்ள வேண்டும். சாமியாகிவிட்டவளுக்குப் பூவாடைக்காரி என்பதே பெயர். பழைய பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையில் ஒருத்தியின் பெயரே காணாமல் போய்விடுகிறது.

அம்மா பிறந்தது உடையார்பாளையம் பக்கத்து ஊர். அவளைப் பெற்றவள் போன பிறகு தாத்தா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவளை அம்மா 'சின்னம்மா' என்பாள். சின்னம்மாவுக்குப் பிறந்தவர்கள் என் மாமாவும் சித்தியும். மாமாவின் பேரனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் வரும் பூவாடைப் படையலில், ஏரிக்கரையில் நின்று, பெற்றவளை ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அம்மாவின் ஆசை அவ்வளவுதான். அடுத்த கல்யாணம் வரைக்கும் தான் இருப்போமோ என்னவோ என்றும் சொல்லிவைத்தாள். அதைச் சொன்னால் நான் ஓடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆளில்லை. தாத்தா போய்விட்டார். சின்னம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அப்படியே இருந்திருந்தாலும் அம்மா அவளிடம் கேட்டிருக்க மாட்டாள். சின்னம்மா மேல் அம்மாவுக்கு ஒரு தீராத தாங்கல் உண்டு. அடித்தாள், பட்டினி போட்டாள் என்றெல்லாம் இல்லை. அப்படிச் செய்யாததுதான் குறையே.

"என் தங்கச்சிய வாடிம்பா, போடிம்பா, கன்னத்துல இடிப்பா. என்னை மட்டும் வாங்க பாப்பா, சாப்பிடுங்க பாப்பான்னு விருந்தாடியாட்டம் நடத்துவா. ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. நான் அவளுக்கு வேத்தாளுதானே" என்பாள்.

சின்னம்மா பாப்பா என்றதால் ஊரே பாப்பா என்றது. கட்டிக்கொண்டு வந்த அரியலூரிலும் அதுவே நிலைத்தது. என் அப்பாவுக்கும் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தாத்தா கொடுத்த பெயர் ரேஷன் கார்டிலும் பேங்க் புத்தகத்திலும் மட்டும் இருக்கிறது. மாதப் பிறப்பில் பென்ஷன் வாங்க பேங்குக்குக் கூட்டிப்போவேன். கவுண்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே போகிற சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். உள்ளே அந்தப் பெயரை எத்தனை தடவை கூப்பிட்டாலும் அசைய மாட்டாள். நான் தோளைத் தட்ட வேண்டும். "அது வேற யாரையோ கூப்பிடற மாதிரியே இருக்குடி" என்று எழுந்திருப்பாள்.

நான் வேலை பார்ப்பது பெரம்பலூரில். அங்கே கூட வேலை செய்பவரின் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அந்த ஊரில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டினால் கொள்ளுப் பாட்டன் பெயர், அவன் வளர்த்த மாடு வரைக்கும் கிடைக்குமாம். எனக்கு ஆசை தலைக்கேறியது. ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், பழைய திருச்சி ஜில்லாவின் கணக்கெடுப்புப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னேன். அட்டை பிய்ந்த ஒரு தடிப்புத்தகம் வந்தது. தும்மிக்கொண்டே திறந்தேன்.

அம்மா பிறப்பதற்கு முன்னால் எடுத்த கணக்கு. ஊர் ஊராக வரிசை. அம்மாவின் ஊரும் இருந்தது. பரப்பு, வீடுகள், ஆண்கள், பெண்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லாம் எண்கள். பெயர்கள் எங்கே என்று கேட்டேன். நம் நாட்டில் பெயர் எழுதிய தாளை யாருக்கும் காட்டுவதில்லை, இந்தக் கூட்டல் மட்டும்தான் வெளியே வரும் என்றார் நூலகர். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு, கடைசியில் எண்ணை மட்டும் கையில் கொடுக்கிறார்களே. அப்புறம் மதிய வெயிலும் மின்விசிறிச் சத்தமுமாக அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது கண் சொக்கியது. அந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு ஏரிக்கு நடந்துபோவது தெரிந்தது. எல்லாரும் முன்னால் போனார்கள். எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது.

பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். பெரிதாக்கிக் கொடுத்ததும், பெண்கள் என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுல எங்கம்மா ஒண்ணா?"

ஆமாம் என்றேன். அதற்கடுத்த கணக்கில் அவள் இருக்க மாட்டாள், நீ இருப்பாய் என்றேன். அம்மா வெகுநேரம் செல்போனை வைத்துக்கொண்டிருந்தாள். அது அணைய அணைய என்னிடம் நீட்டி எழுப்பச் சொன்னாள். "அவ எடத்துலதான் நான் வந்து நின்னுருக்கேன்" என்றாள்.

பெற்றவளின் பிறந்த வீடு திருமழபாடிப் பக்கம் என்று மட்டும் ஒரு சேதி இருந்தது. பெண் செத்ததும் அந்த வீட்டோடு போக்குவரத்து நின்றுபோயிருந்தது. அங்கேயும் போனேன். அந்தக் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது என்றார்கள். கொள்ளிடத்து மணலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறினேன்.

மிச்சமிருந்தது மாமா வீட்டுக் கூடை. பூவாடைக்காரிக்குப் புடவை வைத்துப் படைக்கிற மூங்கில் கூடையைத் தரையில் படாமல் தொங்கவிட்டிருப்பார்கள். மாமா மாடி வீடு கட்டியபோது சாமி அறையில் ஃபேன் மாட்டுகிற கொக்கியில் அதைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுப்புடவை வைக்கும்போது அடியில் புதுச் செய்தித்தாள் விரிப்பார்கள். பழையதை எடுத்துப் போட மாட்டார்கள், சாமி புடவை பட்ட தாள் குப்பைக்குப் போகக் கூடாது. இது சின்னம்மா ஏற்படுத்திய வழக்கம். அடியில் போகப் போகப் பழைய காலம் இருக்கும், ஏதாவது ஒரு சாவுச் செய்தி, ஒரு பெயர் கிடைக்காதா என்பது என் கணக்கு.

படையலுக்கு முந்தின நாள் அம்மாவோடு போனேன். கூடையைத் தொடலாமா என்று மாமா தயங்கினார். இந்த வீட்டில் பிறந்த பெண் நான் இருக்கிறேன், இறக்கு என்றாள் அம்மா. இறக்கினார். அம்மா பூக்கட்ட வாசலுக்குப் போய்விட்டாள். நான் சாமி அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்தேன்.

மேலே கலர் கலராக நகைக்கடை விளம்பரம். அதற்குக் கீழே கறுப்பு வெள்ளை. அதற்கும் கீழே, தொட்டால் அப்பளமாக நொறுங்குகிற பழுப்புத் தாள்கள். எல்லாவற்றையும் கூடைக்குத் தகுந்தாற்போல வட்டமாகக் கத்தரித்திருந்தார்கள். தேதி இருந்த ஓரமெல்லாம் கத்தரிக்கோலோடு போயிருந்தது. வரிகள் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிந்தன. யாரோ அவ்வாறு கூறினார். எங்கோ பலத்த மழை பெய்யக்கூடும். பருத்தி விலை இறங்கியது. ரயில் தாமதமாக வந்து சேர்ந்தது. யாரைக் கூட்டிவந்தது என்ற இடத்தில் வட்டம் முடிந்துவிட்டது. முந்திரித் தோப்புக் காற்று வந்து தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. நான் எந்த வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளில் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தக் கிளிஞ்சல் ஒவ்வொன்றுக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் வாழ்ந்து செத்தவளுக்குப் பெயர் இல்லை. அடித்தாளில் ஒரு டானிக் விளம்பரம்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்த சித்தி காபியோடு உள்ளே வந்தாள். எதற்கு இந்தக் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அக்காவுக்குத் தெரியாதா? என்னடி சொல்ற நீ?"

"தெரிஞ்சா நான் ஏன் சித்தி இப்படி அலையறேன்?"

"அக்கா பேருதான்டி அது."

அப்புறம் அவள் சொன்னதெல்லாம் எனக்கு ஏதோ தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது. பெற்றவளின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தார்கள். வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லத் தாத்தாவால் முடியவில்லை. பள்ளிக்கூடத்திலாவது வாத்தியார் தினமும் கூப்பிடட்டும் என்று அங்கே கொடுத்தார். இரண்டாந்தாரமாக வந்த சின்னம்மா, மூத்தவளைச் சாமியாகக் கும்பிட்டாள். சாமி பெயர் வைத்த பிள்ளையை எப்படி வாடி போடி என்பது, எப்படி அடிப்பது என்று சித்தியிடம் சொல்வாளாம். அதனால்தான் பாப்பா. அதனால்தான் வாங்க, சாப்பிடுங்க. அக்காவுக்கு இது தெரியும் என்று சித்தியும் மாமாவும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெயரைச் சொல்லக் கூடாத வீட்டில் அதைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்?

நான் ஒரு ஜில்லாவையே சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அது என் கைப்பையில், அம்மாவின் பேங்க் புத்தகத்தில் இருந்தது.

வாசலில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சித்தியே போய்ச் சொன்னாள். அம்மாவின் கை நின்றது. பெற்றவளைப் பற்றித்தான் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப சின்னம்மா என்னை வேத்தாளா நெனைக்கலையா?" என்றாள்.

சித்தி இல்லை என்று தலையாட்டினாள். அம்மா பூவை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சின்னம்மா செத்தபோது கூட அவள் இப்படி அழுததில்லை என்று மாமா பிறகு சொன்னார். அந்த மனுஷி உயிரோடு இருந்தபோது இது தெரியாமல் போயிற்றே.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்கரைக்குப் போனோம். பம்பை அடிக்கிறவர் பாடி அழைத்தார். எல்லாரும் பூவாடைக்காரி வாம்மா என்றார்கள். மாமா செம்போடு நின்றார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தன் பெயரைத் தானே கூப்பிடுவதென்றால் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இன்னும் ஓர் அடி உள்ளே போனாள். அப்புறம் கூப்பிட்டாள். முதல் தடவை எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி, எதிர்க்கரைக்குக் கேட்கும்படி கூப்பிட்டாள். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். யார் மேலும் சாமி வரவில்லை. தண்ணீர் மேல் வெயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மாமா குனிந்து செம்பில் மொண்டுகொண்டார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டுச் சாமியின் பெயர்.

படையல் புடவை மஞ்சள் நிறத்தில் எடுத்திருந்தார்கள். அம்மா அன்றைக்கே உடுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் கனவு வந்ததா என்று கேட்டேன். நன்றாகத் தூங்கிவிட்டதாகச் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து அரியலூர் திரும்பி, மாதப் பிறப்பில் பேங்குக்குப் போனோம். கூட்டம் இருந்தது. அம்மா வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அதே மஞ்சள் புடவை. தலைக்குக் குளித்திருந்ததால் பின்னல் இன்னும் காயவில்லை. தோளில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். தோளைத் தட்டுவதற்கு நான் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் திரும்பினாள்.