பலகைகளுக்கு நடுவே ஒரு கட்டை

என் பால்கனிக் கதவுக்கு அடியில் ஒரு மரக்கட்டை செருகியிருக்கிறது. சவர்க்காரக் கட்டி அளவுதான்; கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போனது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் காலால் தட்டிவிட்டு, "இதென்ன கண்டறியாத கட்டை? கடையில ஒரு றப்பர் வாங்கி வைக்கிறதுதானே" என்பார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன். அதை நான் முதன்முதல் கண்டது தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில், பலேர்மோவின் கால்சாப் பகுதியில் நான் வேலைசெய்த வீட்டில். இருட்டு நடையின் சுவரில் சாத்தியிருந்த இரண்டு நீளப் பலகைகளுக்கு நடுவே அது இறுகிக் கிடந்தது.

எங்கள் ஆட்கள் எல்லாரும் சிஞ்ஞோரா வீடுகளில் வேலைசெய்ய, எனக்கு மட்டும் வாய்த்தது சிஞ்ஞோரினா. கலியாணம் கட்டாத பெண்ணை அங்கே எழுபது வயது தாண்டினாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது மற்றப் பெண்டுகள், "உன்ரை குமர் எப்பிடி இருக்கிறா?" என்று பகிடி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என் அறையில், மாதா படத்துக்குப் பின்னால், மன்னாரிலிருந்து அண்ணா அனுப்பிய ஒரு படிவம் மடித்து வைத்திருந்தது. முருங்கனுக்குப் போட்டு வாறன் என்று சைக்கிளை எடுத்த என் கணவர் திரும்பி வரவேயில்லை. நாங்கள் ஏறி இறங்காத ஆமி முகாம் இல்லை. அவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கிற படிவம் அது. "கையெழுத்து வைச்சு அனுப்பு. உனக்கு இன்னும் வயசிருக்கு, ஒரு வாழ்க்கையைப் பார்" என்று அண்ணா எழுதியிருந்தார். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையாலேயே என் கணவரைக் கொல்லச் சொல்வதுபோல இருந்தது.

அந்தப் பலகைகள் பனிச்சறுக்குப் பலகைகள். கடற்கரைப் பட்டினத்தில் இருந்துகொண்டு பனியா என்று நானும் முதலில் நம்பவில்லை. நான் உடுப்பு மினுக்கிக்கொண்டிருக்கும்போது சிஞ்ஞோரினா கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கதைப்பார். அவர் இத்தாலியனில் சொன்னதெல்லாம் என் காதில் இன்று எங்கள் தமிழிலேயே கேட்கிறது. முப்பதுகளில் பலேர்மோ இளசுகள் ஒரு கூட்டமாக ரயிலில் போய், பிறகு கோவேறு கழுதையில் சாமான் ஏற்றி, மடோனியே மலைக்கு ஏறுவார்களாம். பலகைக்கு அடியில் கடல்நாய்த் தோல் கட்டுவார்களாம். அதன் மயிர் ஒரு பக்கம் படிந்திருப்பதால் முன்னுக்கு வழுக்கும், பின்னுக்குச் சறுக்காது. அரை நாள் ஏறி, உச்சியில் தோலைக் கழற்றி, மெழுகுதிரியைத் தேய்த்து, ஒரே ஒரு தடவை இறங்குவார்கள். அவ்வளவுதான் அன்றைய விளையாட்டு. அவர் காற்சட்டை போட்டு மலைக்குப் போனதைத் தெரு முழுக்க ஒரு வருஷம் கதைத்ததாம். "இப்ப கம்பியில கொழுவி, உடுப்புக் காயப்போடுற மாதிரியெல்லோ ஆக்களை மேல இழுக்கினம்! ஏறாமல் இறங்கினால் அது என்ன இறக்கம்?" என்று கோபிப்பார். எப்போதும் 'நாங்கள்' என்றுதான் சொல்வார். அந்த நாங்களில் யார் யார் என்று நான் கேட்டதில்லை.

ஓகஸ்டில் அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். வீட்டைத் தலைகீழாக்கித் துப்பரவு செய்தேன். பலகைகள் இரண்டும் நுனியிலும் அடியிலும் வாரால் கட்டி, நடுவில் கட்டை திணித்து, வில்லாய் வளைந்து நின்றன. ஐயோ, எவனோ விசரன் கட்டையைச் செருகி நல்ல மரத்தை வளைய விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். வளைந்த பலகைக்குப் பாரம் வைப்பதுதானே எங்கள் ஊர் வழக்கம்? கட்டையைப் பிடுங்கி, பலகைகளை நிலத்தில் படுக்கவைத்து, மேலே இரும்புப் பெட்டியை ஏற்றிவிட்டேன். தெற்கிலிருந்து வெக்கையோடு வீசுகிற சிரோக்கோ காற்றில் பால்கனிக் கதவு அடித்தது. கட்டை அதற்கு உதவியது. பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

செப்டம்பரில் திரும்பி வந்த சிஞ்ஞோரினா சத்தம் போடவில்லை. நிலத்தில் அப்படியே இருந்து, இரண்டு பலகைகளையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தார். நடுவில் விரல் நுழைய இடமில்லை. ஆள் ஏறி நின்றால்தான் பலகையின் நடுப்பகுதி நிலத்தில் முட்டவேண்டுமாம். ஆள் இல்லாதபோது எழும்பி நிற்கவேண்டுமாம். அந்த வளைவு போய்விட்டால் பலகை சறுக்காது. அதைக் காப்பதற்குத்தான் கட்டை. பிறகுதான், அந்த 'நாங்கள்' மலைக்குப் போன கூட்டமல்ல, வெறும் இரண்டு பேர் என்று சொன்னார். அவரும், அவரோடு மோதிரம் மாற்றிய பையனும். பனியில் ஓடத் தெரிந்தவன் என்று உலக யுத்தத்தில் அவனை மலைப் படையில் சேர்த்து ரஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்கள். "நான் வருமட்டும் வளைவை விடாதே" என்று இந்தப் பலகைகளை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனவன், ஐம்பது வருஷமாக வரவில்லை.

நான் அவர் பக்கத்தில் நிலத்தில் குந்திக் குழறினேன். அப்போதுதான் என் படிவத்தின் கதையும் வாயில் வந்தது. "கையெழுத்து வைக்கட்டோ சிஞ்ஞோரினா?"

அவர் பலகைகளை நிலத்தில் வைத்தார். "அவன்ரை தாய் கையெழுத்து வைச்சவ. கலியாணம் கட்டாத என்னட்டை ஆரும் கேக்கேல்லை. உன்னட்டையெண்டாலும் கேக்கினம், பிள்ளை" என்றார். பிறகு எழும்பி, வீட்டுச் செருப்போடு அந்தப் பலகைகளின் மேல் ஏறி, முழங்காலை மெல்ல மடித்து நின்றார். ஐம்பது வருஷத்தில் அவற்றில் ஏறிய முதல் ஆள் அவர்தான். இறங்கியதும் கட்டையை என் கையில் வைத்து, "இது இனி உனக்கு" என்றார். கையெழுத்து வையென்றும் சொல்லவில்லை, வையாதேயென்றும் சொல்லவில்லை.

அந்த மாரியில் தங்கையின் மகனுடைய காரில் என்னையும் மலைக்குக் கூட்டிப்போனார். சின்னப் பிள்ளைகள் பிளாஸ்டிக் சப்பாத்தோடு கம்பியில் தொங்கி மேலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. லிஃப்ட் இல்லாத பக்கத்துச் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு வெள்ளையில் ஒரு ஆளைத் தொலைத்தால் எங்கே போய்த் தேடுவது?

இரண்டு வருஷத்தில் அவர் கண்ணை மூடிவிட்டார். பலகைகள் மலையடியில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவரில் குறுக்கும் மறுக்குமாய் ஆணியில் தொங்குகின்றன. பழைய சாமான் சுவருக்கு வடிவாம். யாருடைய பலகை என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் அவற்றுக்குக் கீழே இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இன்று எனக்கும் தலை நரைத்துவிட்டது. போன கிழமை அண்ணா ரெலிபோனில் அழுதார். "நான் சாகமுதல் அந்தக் கடதாசியை முடிச்சுத் தா" என்றார். ஓம் என்றேன். மனதார ஓம் என்றேன். காற்றில் கடதாசி பறக்குமென்று கட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். படிவத்தை மேசையில் விரித்து, பேனையைத் திறந்து, என் கணவருடைய பெயருக்குக் கீழே கையை வைத்தேன். அறை புழுங்கியது. துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் ஊதியது கதவுக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிறகு கையெழுத்து வைக்காமலே பேனையை மூடிவிட்டு எழும்பிப்போய், கதவை அகலத் திறந்து, கட்டையைத் திரும்பச் செருகினேன்.