இரண்டாம் பாகத்தில் பிழைத்தவன்

“கடைசியில அந்த மீசைக்காரன் காட்டிக் குடுத்துருவான், பாலம் வெடிச்சுரும். இப்பவும் வேணுமா?” என்று கேட்டபடிதான் கடைக்காரர் கேசட்டை நீட்டுவார். போர்ப் படம், அதிலும் தொலைக்காட்சிக்காக எடுத்த இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்றால் முடிவைச் சொல்லாமல் அவர் கையை விட்டு எதுவும் நகராது. பாதிப் பேர் முகம் சுளித்து வெறுங்கையோடு திரும்பிவிடுவார்கள். தெருவில் அவருக்கு முடிவுக்காரர் என்றே பெயர். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய வீடியோ கடை. கோபம் மட்டும் நாலு கடைக்குக் காணும்.

பிழைப்பைக் கெடுத்துக்கொள்வதற்கென்றே வாய் வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வார். அந்தப் படங்களை வாங்காமலாவது இருக்கலாமே என்றால், நல்ல படம் ஒன்று வேண்டுமானால் இவற்றில் நாலைந்தைத் தலையில் கட்டித்தான் கம்பெனிக்காரன் அனுப்புகிறானாம்.

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதல் பாகத்தில் வெடித்த அதே பீரங்கி வண்டி இரண்டாம் பாகத்திலும் வெடிக்கும். கண்டுபிடிக்காமல் இருக்கப் படத்தை இடவலமாகத் திருப்பியிருப்பார்கள். வண்டியின் எண் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரியும். ஒரு பட்டாளமே போன இடத்துக்கு ஆறு பேர் போவார்கள். கதாநாயகன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடுவான். திடீரென்று திரை இருண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். “விளம்பரம் முடியட்டும்னு குண்டே காத்துக்கிட்டு நிக்குது சார்” என்பார். ஆனால் இதெல்லாம் மேல் கோபம்.

அடிக் கோபம் அவருடைய அக்காவைப் பற்றியது. அக்காவின் ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து, ஆறு ஒன்றைக் கடக்கும்போது இறந்துபோனான். பெட்டி மூடியே வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறு வருஷம் பொழுது போகட்டும் என்று ஒரு கேசட்டை அக்காவிடம் கொடுத்தவர் இவர்தான். முதல் பாகத்தில் ஆற்றோடு போய்ச் செத்த சிப்பாய் ஒருவன், இரண்டாம் பாகத்தில் தாடியோடு வந்து நிற்கிறான். எப்படிப் பிழைத்தான் என்பதற்கு அரை வரி வசனம். அந்த நடிகனுக்கு மவுசு வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“பெட்டியத் திறந்து காட்டலையே தம்பி. இவனும் எங்கயாவது கரை ஏறியிருப்பான்.”

வெளியூரில் இருக்கும் தங்கை கூப்பிட்டும் போகவில்லை. கண் மங்கிக்கொண்டு வருகிறது, அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்கிறார், இருந்தும் தனியாகவே கிடக்கிறார். அவன் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது என்கிறார். ஒரு நாள் இவர் பொறுக்க மாட்டாமல், அந்தத் தாடிக்காரன் நடிகன், சம்பளம் வாங்கிக்கொண்டு பிழைத்தான் என்று கத்திவிட்டார். அக்கா இவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பிறகு கடைக்குத் திரும்ப வந்தபோதும் அந்தக் கேசட்டைத்தான் கேட்டார். இவர் வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

போன வாரம் மூன்றாம் பாகம் வந்தது. அன்று காலையில் கடையின் சின்னத் தொலைக்காட்சியில் அதை ஓட்டிப் பார்த்தார், கேசட் எடுக்கப் போன நானும் இருந்தேன். தாடிக்காரன் இதில் நிஜமாகவே சாகிறான். நண்பன் மடியில் உயிர் போகிறது, கண்ணை மூடிவிடுகிறார்கள், மேலே மண்ணைத் தள்ளுகிறார்கள்.

“சம்பளம் கூடக் கேட்டிருப்பான். கொன்னுட்டானுங்க” என்று கேசட் டெக்கை ஓங்கித் தட்டி நிறுத்தினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் இத்தனை நாள் சொன்னதைப் படமே சொல்கிறதே, அக்காவுக்குப் போட்டுக் காட்டினால் தெளிந்துவிடுவாரே என்றேன். என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

“எம் மருமகன இன்னும் எத்தன தடவ சார் சாகடிப்பீங்க?”

அவர்மேல் அல்ல, என்மேலும் அந்தப் படம் எடுத்தவர்கள்மேலும் ஆத்திரமாக வந்தது.

சொல்லி வைத்தாற்போல் அக்கா வந்து சேர்ந்தார். சுவரைத் தடவியபடி படியோரம் நின்றார்.

“மூணாவது வந்துருச்சாமே தம்பி. அவன் இருக்கானா?”

ஊருக்கெல்லாம் முடிவு சொல்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இருக்கான்க்கா. டேப்புல அழுக்கு இருக்கு. தொடச்சு நானே வீட்டுக்குக் கொண்டாறேன், நீ பாத்துப் போ.”

அக்கா தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேசட்டை வெளியே எடுத்தார். வாடகைக் கேசட்டின் விளிம்பில் ஒரு சின்னச் சில்லை உடைத்திருப்பார்கள், அதன்மேல் யாரும் வேறெதையும் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப்பைப் பல்லால் கடித்து ஒட்டினார். திரும்ப டெக்கில் போட்டு, நாடாவைத் தாடிக்காரன் கீழே விழப்போகிற இடத்துக்கு ஓட்டி நிறுத்தினார். தொலைக்காட்சியில் யாரோ வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பதிவு பட்டனை அழுத்தியவர், அது அழுந்திய பிறகும் விரலை எடுக்கவில்லை.